சாவியை எடுத்த பிறகும் நாற்பது விநாடி

அக்டோபர் 9

இந்த டைரி மருந்துக் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்தது. ஒன்பது மாதம் மேசைக்கடியில் சும்மா கிடந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது, சொல்ல ஆளில்லை, அதனால் இதில் எழுதுகிறேன்.

மாலையில் பஜார் தெருவில் என் வீட்டுக்காரர் ஓட்டி வந்த எங்கள் ஆம்னிக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. என் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போஸ்ட் ஆபீஸ் முதல் பிள்ளையார் கோயில் வரை கையை எடுக்காமல் அடித்தான். இவர் நடுரோட்டில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் லாரி இடது பக்கம் ஏறி, ஒரு சாண் இடைவெளியில் உரசாமல் கடந்தது. டிரைவர் இறங்கி வந்து திட்டினான். இவர் சிரித்தபடி கையெடுத்துக் கும்பிட்டார். என் கையில் யாருடைய ரேஷன் கார்டு நகலோ இருந்தது. அது என் பிடியில் கசங்கிப்போய், மறுபடி ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "சீட்டுக்கு அடியிலயே இன்ஜின் ஓடுது. இன்னா கேக்கும் சரளா?" என்றார். நியாயம்தான். முப்பது வருஷமாகத் தலைக்கு மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுகிற மனிதருக்குக் கொஞ்சம் அசதி இருக்காதா? அசதிதான்.

அக்டோபர் 14

ஆலந்தாங்கலில் எந்தச் செய்தியும் தணிகாசலம் வண்டி சொன்னால்தான் செய்தி. குடிநீர் வராது, வீட்டு வரி கட்டுங்கள், ஆடு காணவில்லை, இன்னார் இறந்துவிட்டார், எல்லாம் என் வீட்டுக்காரர் குரலில்தான் வரும். முன்பெல்லாம் ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் மைக் என்று நேராகவே பேசுவார். போன வருஷத்திலிருந்து கடைக்குப் பின்னால் உட்காரவைத்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். சத்தம் கூடிப்போனால் அவர் மணிக்கட்டைப் பிடிப்பேன். சரியானதும் விட்டுவிடுவேன். நாங்கள் பேசிவைத்துக்கொண்டதில்லை, அதுவாக வந்த பழக்கம்.

பதிவை வண்டியிலுள்ள பழைய லேப்டாப்பில் ஏற்றிவிடுவேன். அதைத் திறந்து, கடவுச்சொல் அடித்து, பாட்டுப் பெட்டி மாதிரி ஓடவிட வேண்டும். இன்றைக்கு அது கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறது. இவர் கவனிக்கவில்லை. பஜார் தெரு, கிழக்குத் தெரு, காலனி எல்லாம் வண்டி வாயைத் திறக்காமல் சுற்றி வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்களாம்.

"இன்னா சரளாம்மா, வண்டி மௌன விரதமா?" என்று பூக்காரம்மா கேட்டாள். ஒயர் லூஸ் என்று சொல்லிச் சிரித்தேன். அவள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பேரூராட்சிக்குத் தெரிந்தால் ஒப்பந்தம் போகும். அது போனால் போகட்டும். வண்டியைப் பிடுங்கிக்கொண்டால் இந்த மனிதர் காலையில் எழுந்து என்ன செய்வார் என்பதுதான் என் பயம்.

அக்டோபர் 15

கார் எலக்ட்ரீஷியன் ஷரீஃபை வரச் சொன்னேன். "சாவி திருப்பினா கம்ப்யூட்டர் தானா எழுந்திருக்கணும். தானா உள்ள போகணும், தானா பேசணும். சாவி எடுத்தா தானா மூடிக்கணும். அவர் ஒண்ணையும் தொடக் கூடாது."

"அண்ணன் ஒரு பட்டன் அமுக்க மாட்டாரா அண்ணி?"

"அவருக்கு வயசாவுது."

"அம்பத்திரண்டு ஒரு வயசா?"

"நீ ஒயரைப் பாரு" என்றேன்.

அக்டோபர் 21

முடிந்தது. சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்து சீட்டுக்கு அடியில். திரை கிடையாது. பேட்டரியிலிருந்து அதற்கு ஒரு ஒயர் எப்போதும் வரும். இன்னொரு ஒயரில் சாவி திரும்பியிருந்தால் மட்டும்தான் உயிர் இருக்கும். அந்த ஒயரைப் பார்த்துத்தான் பெட்டி எழும், தூங்கும். கடவுச்சொல்லை எடுத்துவிட்டேன். எழுந்ததும் 'இன்று' என்று பெயர் வைத்த ஃபோல்டரில் இருப்பதைத் திரும்பத் திரும்பப் போடும். கடையிலிருந்து நான் அனுப்பினால் நெட் வழியாகவே அந்த ஃபோல்டருக்குள் போய் விழும்.

ஆம்னி அடிக்கடி நின்றுபோகும் சனியன். ஒவ்வொரு தடவையும் பெட்டி அணைந்து எழுந்தால் அறிவிப்பு பாதியில் அறுந்துவிடும். அதனால் சாவியை எடுத்த பிறகும் நாற்பது விநாடி பேசிக்கொண்டிருக்கும்படி வைத்திருக்கிறேன். அதற்குள் சாவி திரும்பாவிட்டால் ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

ஷரீஃப் ஆம்ப்ளிஃபயரில் ஒரு சிவப்பு விளக்கு வைத்திருக்கிறான். சத்தம் போனால் துள்ளும். "இது துள்ளினா பேசுதுன்னு அர்த்தம்" என்று இவரிடம் நாலு தரம் சொன்னேன். இவர் விளக்கைப் பார்த்து, "பரவால்ல, நல்லா ஆடுது" என்றார்.

கண்ணாடியும் இரண்டு கூடுதலாக மாட்டச் சொன்னேன். ஷரீஃப் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 23

ஒரு யோசனை. நெட் இல்லாவிட்டால், புதிது வந்து சேராவிட்டால், பெட்டி என்ன செய்ய வேண்டும்? சும்மா இருக்கட்டுமா, பழையதைப் போடட்டுமா?

சும்மா போனால் மறுபடி பிள்ளைகள் கைதட்டும். பழையதே போடட்டும் என்று எழுதி வைத்தேன். நேற்றைய வரி அறிவிப்பை இன்றைக்கும் கேட்டால் யார் செத்துப்போகப் போகிறார்கள்?

நவம்பர் 3

பட்டா நகல் எடுக்க வந்தவர் தாலுகா ஆபீஸைத் திட்டிக்கொண்டே, "எத்தினி மனு குடுத்தாலும் செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்றார். ஐந்து பக்கமும் கோணலாக விழுந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 17

மூன்றாவது நாளாக மழை. ஏரி பதினெட்டு அடி, இருபத்து நாலு வந்தால் நிரம்பிவிடும்.

தங்கை மங்கை கடைக்கு வந்தாள். அவள் வீடு ஏரிக்கரைக்குக் கீழே மதகடித் தெருவில், கடைசிக்கு முந்திய வீடு. தையல் மெஷினும் நாலு ஆடும்தான் அவள் சொத்து. கடைசி வீடு வலை வீசும் கன்னியப்பனுடையது. அவருக்கும் மழைக்கும் ஆகாது, ஆனால் அங்கிருந்து நகரவும் மாட்டார்.

"போன்ல எதுனா ஒண்ணு வந்துகினே இருக்குக்கா. ஏரி ஒடஞ்சிருச்சின்னு நேத்து ராவெல்லாம் ஒரே கூச்சல். தெருவே மூட்டை கட்டிகினு ஓடிச்சி. காலைல பாத்தா ஒண்ணுமில்ல. இனிமே மாமா வண்டி வந்து சொன்னாத்தான் கெளம்பறதுன்னு முடிவு பண்ணிட்டோம்."

பெருமையாகத்தான் இருந்தது. அவள் போனதும் 'இன்று' ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன்.

நவம்பர் 29, சனி

மறுபடி வதந்தி. கல்யாண மண்டபத்துக் கூட்டம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியதாம். பேரூராட்சி சூப்பர்வைசர் சுப்பராயலு எழுதிக் கொடுத்ததை இவரிடம் காட்டிப் பதிவு செய்தேன். "அன்பார்ந்த பொதுமக்களே, ஏரி பாதுகாப்பாக உள்ளது. வதந்திகளை நம்ப வேண்டாம். அவரவர் வீட்டிலேயே நிம்மதியாக இருங்கள்." மணிக்கட்டை ஒரு தரம்கூடப் பிடிக்கவில்லை. எவ்வளவு நாளாயிற்று இந்தக் குரலைக் கேட்டு. பயந்த குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது.

ராத்திரி மங்கை போன் செய்தாள். மாமா குரலைக் கேட்ட பிறகுதான் தெருவில் அடுப்பு எரிந்ததாம்.

டிசம்பர் 1

விடாத மழை. இருபத்திரண்டு அடி. முந்தாநாள் அறிவிப்பே இன்றைக்கும் இரண்டு வேளை போனது.

டிசம்பர் 2

மங்கையைக் காணவில்லை.

டிசம்பர் 3

ஹைஸ்கூல் வகுப்பறையில் பெஞ்சு மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

நேற்றுக் காலை ஒன்பதரைக்கு சுப்பராயலு நனைந்துகொண்டே கடைக்கு ஓடி வந்தார். "பன்னெண்டு மணிக்கு ஏரி ஷட்டர் தொறக்கறாங்க சரளாம்மா. மதகடித் தெரு மொத்தமும் ஹைஸ்கூலுக்கு வந்துடணும். அண்ணனை ஒடனே அனுப்புங்க."

காகிதத்தில் பெரிதாக எழுதி இவரிடம் காட்டினேன். முகம் மாறிவிட்டது. ஒரே மூச்சில் பேசி முடித்தார். நான் அனுப்பும் பொத்தானை அமுக்குவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அமுக்கினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. விடியற்காலையிலிருந்து கரண்ட் இல்லை, பேட்டரியில்தான் பதிவு செய்தேன். டவர் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. போகும்போது போகட்டும் என்று விட்டுவிட்டேன். கடை ஷட்டருக்கு அடியில் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. காகிதக் கட்டுகளை அலமாரிக்கு மேலே ஏற்றினேன். பத்து ஐம்பது வரைக்கும் ஏற்றினேன். வெள்ளைக் காகிதம்.

அப்போது காற்று திரும்பி அவர் குரல் வந்தது. நிம்மதியாக இருங்கள் என்றது. அது சனிக்கிழமைக் குரல்.

ஓடினேன். பென்டிரைவ் எடுக்கத் தோன்றவில்லை. செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. போன் செய்து பயனில்லை, டவர் இருந்தாலும் பயனில்லை. வழியெல்லாம் அந்தக் குரல்தான். ஏரி பாதுகாப்பாக உள்ளது, ஏரி பாதுகாப்பாக உள்ளது. பதினொன்றே கால் இருக்கும், மதகடித் தெரு நடுவில் முழங்கால் தண்ணீரில் வண்டியைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "தெரு கோடி வரைக்கும் ரெண்டு ரவுண்டு முடிச்சிட்டேன். வெளக்கு நல்லா துள்ளுது."

ஜன்னலுக்குள் கையை விட்டு சாவியைப் பிடுங்கினேன். இன்ஜின் நின்றது. குரல் நிற்கவில்லை.

நாற்பது விநாடி. நான் வைத்ததுதான். ஆம்ப்ளிஃபயரில் ஒரு ஸ்விட்ச் இருப்பது மண்டையில் ஏறவே இல்லை. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். எதிர் வீட்டில் ஒரு பெண் மூட்டையோடு கதவைத் திறந்தாள், வண்டியைப் பார்த்தாள், நிம்மதியாக இருங்கள் என்று கேட்டாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெட்டி ஒழுங்காக மூடிக்கொண்டது.

"இன்னா ஆச்சி?" என்றார். அவர் முகத்துக்கு நேராக வாயை அசைத்துச் சொன்னேன். "மெஷின் நின்னுபோச்சு. மைக்குல சொல்லுங்க."

அதைத்தான் சொன்னேன். மெஷின் நின்றுபோய்விட்டது என்று.

ஒரு வருஷத்துக்குப் பிறகு நேராக மைக்கில் பேசினார். குரல் ஏறி, உடைந்து, ஒரு வார்த்தை மேல் இன்னொரு வார்த்தை விழுந்தது. நான் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. அந்தக் குரல் கேட்டுப் பயந்துதான் ஜனங்கள் வெளியே வந்தார்கள். எதிர் வீட்டுப் பெண்ணும் வந்தாள். தெருக் கோடிக்குப் போகலாமென்று சாவியைப் போட்டார். தண்ணீரில் நின்ற வண்டி மறுபடி உயிர் பெறவில்லை. நான் சாவியைப் பிடுங்காமல் இருந்திருந்தால் ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

மங்கை வீட்டுக்கு நடந்துபோகப் பார்த்தேன். இடுப்பளவு வந்ததும் இவர் என் முடியைப் பிடித்து இழுத்துவிட்டார். பன்னிரண்டு பத்துக்குப் பெருந்தண்ணீர் வந்தது.

பள்ளியில் ஆள் எண்ணினார்கள். இரண்டு பேர் இல்லை. மங்கை, கன்னியப்பன்.

டிசம்பர் 4

மங்கை உயிரோடு இருக்கிறாள். பம்ப் ஹவுஸ் கூரை மேல் ஒரு பகலும் இரண்டு ராத்திரியும் உட்கார்ந்திருந்தவளைப் படகில் கொண்டுவந்தார்கள். விரலெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

கஞ்சி குடித்த பிறகு சொன்னாள். "கெளம்பிட்டோங்க்கா. கன்னியப்பன் மாமாவும் நானும் மூட்டையோட தெருவுக்கே வந்துட்டோம். அப்பதான் வண்டி வந்துச்சி. வீட்டுலயே இருங்கன்னுச்சி. 'தணிகாசலமே சொல்லிட்டான், அப்புறம் இன்னாம்மா, போய் படு'ன்னாரு. திரும்பிட்டோம். அப்புறம் மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

இவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் மாமா அப்டி சொன்னீங்க?"

இவர் முகமெல்லாம் சிரிப்பாக, "இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊத்தட்டா?" என்றார்.

மங்கை என்னைப் பார்த்தாள். "எத்தினி நாளா?" என்று கேட்டாள்.

நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன்.

டிசம்பர் 5

கன்னியப்பன் கிடைத்தார். வேலிக்காத்தான் புதரில், அவருடைய வலையே சுற்றிக்கொண்டு.

டிசம்பர் 8

சுப்பராயலு வந்தார். பதினேழாம் தேதி பேரூராட்சி மன்றத்தில் இவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். தண்ணீருக்குள் நின்று மைக்கில் பேசி தெருவைக் காப்பாற்றியவர் என்று.

இவர் வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினார். "மொத ரெண்டு ரவுண்டு இன்னா ஓடிச்சின்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கேட்டவங்க, ஷட்டர் விஷயத்துல ஆபீஸே மாத்தி மாத்தி சொல்லிச்சின்னு நெனச்சிகினு இருக்காங்க. அப்டியே இருக்கட்டும். கெளறாதீங்க."

சரி என்று தலையாட்டினேன். யாராவது கடைப் படி ஏறினாலே எழுந்து உள்ளே போய்விடுகிறேன். பயம் எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். போலீஸுக்கு இல்லை, பேரூராட்சிக்கு இல்லை. ஊருக்கே தெரிந்தது இவர் ஒருவருக்குத்தான் தெரியாது. தன் வண்டி என்ன சொல்லிக்கொண்டு போனது என்று தெரியாமல் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

டிசம்பர் 13

கன்னியப்பன் மனைவி பட்டு வந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அறிவிப்பு போட வேண்டும். ஷரீஃப் வண்டியை ஓடவைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டாளாம். "அண்ணன் கொரல்லதான் சொல்லணும். அவருக்கு அண்ணன் கொரல்னா அவ்ளோ இஷ்டம்."

காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். "மதகடித் தெரு திரு. கன்னியப்பன் அவர்கள்" வரைக்கும் வந்து நின்றார். மறுபடி ஆரம்பித்து அதே இடத்தில் நின்றார். மூன்றாவது தடவை மைக்கை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"நான் அவன் வீட்டு வாசலுக்கே ரெண்டு வாட்டி போனேனே சரளா. கை காட்டினான், நானும் காட்டினேன். அவ்ளோ சொல்லியும் ஏன் உள்ள போனான்?"

பட்டு அங்கேதான் நின்றிருந்தாள். அவளும் அன்றைக்குத் திண்டிவனம் போகாமல் வீட்டில் இருந்திருந்தால் கேட்டிருப்பாள். கேட்ட யாராவது அவளிடம் சொல்லியிருப்பார்கள். இருந்தும் இவர் குரல்தான் வேண்டும் என்று வந்திருக்கிறாள்.

ராத்திரி இவர் சாப்பிடவில்லை. "ஏன் உள்ள போனான்" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அவர் நினைக்கிற மெல்லிய குரலில் கேட்டார். தெருவுக்கே கேட்டது.

டிசம்பர் 14

காலையிலிருந்து நாலு தடவை அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். இதைக் கத்திச் சொல்ல முடியாது. மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது.

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. இரண்டு வருஷமாகக் கேட்காது. இந்த டைரியில்கூட நான் இதுவரை எழுதவில்லை. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, தானாக எழுந்து தானாகப் பேசுகிற ஒன்றை அவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். புதிது இல்லாவிட்டால் பழையதையே சொல் என்று சொல்லிக்கொடுத்தேன். சும்மா இரு என்று சொல்லிக்கொடுத்திருந்தால் வண்டி பேசாமல் போயிருக்கும், பிள்ளைகள் கைதட்டியிருக்கும், கன்னியப்பன் மூட்டையோடு பள்ளிக்கு வந்திருப்பார்.

ஏங்க, அக்டோபர் ஒன்பதிலிருந்து படியுங்கள். சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். நான் மங்கை வீட்டில் சேறு வழிக்கப் போகிறேன்.

டிசம்பர் 15

இது என் கையெழுத்து. ரெண்டு தரம் படிச்சேன். சாப்பிடல.

காது போனது எனக்குத் தெரியாதா சரளா. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தேன். சொன்னா நீ வண்டிய வித்துடுவியேன்னு பயம். நீ பாட்டுக்கு ஒரு பயத்துல இருந்திருக்க, நான் பாட்டுக்கு ஒரு பயத்துல இருந்திருக்கேன். நடுவுல அவன் போயிட்டான்.

சாவிய ஷரீஃப் கிட்ட குடுத்துட்டேன். பொன்னாடை வேணாம்னு சுப்பராயலுவுக்கு எழுதி அனுப்பிட்டேன்.

நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் பட்டு வீட்டுக்குப் போறோம். என் வாயாலதான் சொல்லணும், எழுதிக் குடுக்க மாட்டேன். நீ பக்கத்துல உக்காரு. சத்தம் கூடிப்போச்சின்னா கையப் பிடி.